சஹனுக்குக் காவல்

நஸ்ரியின் பக்கம் சோறு குறைந்துகொண்டே போனது. லாபிர் ஹாஜியார் ஓரக்கண்ணால் அதை அளந்துகொண்டிருந்தார்.

கலியாண வீட்டுச் சஹன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கை வைக்கிற பெரிய தட்டம். யார் எவ்வளவு தின்றார் என்று அதில் கண்டுபிடிக்கவே ஏலாது. கடைசிப் பந்தி என்பதால் ஆறு பேருக்கான நெய்ச்சோறு இந்த இரண்டு பேருக்கு நடுவில் குவிந்திருந்தது. மனைவியின் தம்பி நஸ்ரியைக் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்க வேண்டுமென்று, கையைப் பிடித்து இழுத்துவந்து எதிர்க் கதிரையில் இருத்தியவர் லாபிர்தான்.

நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் நஸ்ரிக்கு நிறை பார்ப்பார்கள். டொக்டர் சொன்ன அளவுக்கு இறங்கியிருந்தால்தான் முழங்காலில் ஒப்பரேசன். இல்லாவிட்டால் துறைமுகத்துக் கிரேனில் அவன் இனி ஏறின மாதிரித்தான். கேற்றடியில் காவலுக்குக் கதிரை போட்டு இருத்திவிடுவார்கள்.

பெண்சாதி ஷாமிலா மௌத்தாகி அடக்கமான நாளிலிருந்து கவலையையும் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து தின்று பெருத்தவன் அவன். "இவன்ட வாய்க்கு நான் பொறுப்பு" என்று டொக்டருக்கு முன்னால் நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருந்தார் லாபிர்.

அவர் சொன்னால் அதில் கனம் இருக்கும். பள்ளிவாசல் சுகாதாரக் குழுவின் தலைவர். மைக் ஒன்று அகப்பட்டால் 'வாய்க்குக் காவல்' என்ற தலைப்பில் அடுத்த பாங்கு சொல்லும்வரை பேசக்கூடியவர். அவருக்கும் வயிறு இருந்தது. ஆனால் அது வாயு.

"போயா லீவெண்டு திங்கக்கிழமையில கலியாணம் வச்சிருக்கானுகள்," என்று முணுமுணுத்தார். "நாளைக்கு நிறை பாக்கிற ஆளுக்கு முன்னால நெய்ச்சோறு."

"மச்சான், நான் வந்து..."

"நீ கதையாத. கதைச்சா வாய் திறக்கும். திறந்தா சோறு போகும்."

நஸ்ரி வாயை மூடிக்கொண்டான். வாசலில் நீட்டிய சர்பத்தைக்கூட அவன் வேண்டாமென்றுதான் சொல்லியிருந்தான். உபதேசம் வேலை செய்கிறதென்று லாபிருக்கு உள்ளம் குளிர்ந்துபோய், வீணாகக் கூடாதென்று அந்தக் கிளாசையும் தாமே குடித்திருந்தார்.

சோற்றுக்கு முன்னால் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. ஆபத்தானவற்றையெல்லாம் அவன் கைக்கு எட்டாமல் தன் பக்கம் இழுத்து வைத்தார்: கோழிப் பொரியல், இறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பச்சடி. அப்படியும் நஸ்ரி பக்கத்து மேடு சரிந்து சரிந்து நடுவுக்கு வந்துகொண்டிருந்தது. கதிரையில் பொருந்தி இருக்க முடியாமல் அவருடைய கால் மேசைக்குக் கீழே ஆடியது.

போன் அடித்தது. திரைக்கு அந்தப் பக்கம், பெண்கள் பந்தியிலிருந்து மனைவி ஜெஸீமா. தம்பி எவ்வளவு சாப்பிட்டான் என்று கேட்டா. எல்லாம் தன்னுடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி, இடது கையால் போனைக் கவிழ்த்து வைத்தார் லாபிர். திரும்பிப் பார்த்தால் மேட்டில் இன்னொரு பள்ளம்.

நாளைக்கு டொக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் தன்னைப் பார்க்கப்போகும் பார்வை ஞாபகம் வந்தது. சபை மரியாதைக்கென்று எடுத்த கோழிக்கால் ஒன்றைக் கடித்துத்தான் அதை மறக்க வேண்டியிருந்தது.

"இஞ்ச பார் நஸ்ரி," என்றார், எலும்பை ஒதுக்கிவிட்டு. "கவலை இரிக்கிறது மனசில. சோறு போறது வயித்துக்கு. ரெண்டுக்கும் ரோட்டே இல்ல. எவனும் உனக்கு ஊட்டி விடல்ல. உன்ட கை, உன்ட வாய், பொறுப்பும் உன்ட."

"ஓம் மச்சான்," என்றான் நஸ்ரி. பாதி எழுந்து எட்டி, கறிக்குள் கிடந்த கரண்டியை எடுத்து, நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளிவிட்டான். "நீங்க சாப்பிடுங்க."

குற்றம் செய்கிறவனுடைய உபசாரம் இப்படித்தான் இருக்கும் என்று லாபிர் நினைத்தார். மறுத்தால் அவன் மனம் நோகும், நொந்தால் இன்னும் தின்பான். அதற்காகவே அந்தத் துண்டையும் சாப்பிட்டார்.

கடைசி இனிப்பாக வட்டிலப்பம் இரண்டு கிண்ணம் வந்தது. கூடவே ஜெஸீமாவின் போனும் வந்தது. அவன் சீனியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னா. பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று பேசி முடித்துக் குனிந்தால் கிண்ணம் இரண்டும் காலி. சஹனின் அடியில் வரைந்திருந்த பச்சைப் பூ முழுதாக மலர்ந்து தெரிந்தது.

லாபிருக்குப் பொறுமை போயிற்று. பக்கத்து மேசைக்காரர்களுக்கும் பிரயோசனப்படட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"ஆறு பேர்ட சோறு, நஸ்ரி. பூ தெரியிது. நாளைக்கு அந்த டொக்டருக்கு நான் என்ன மறுமொழி சொல்ற? ஷாமிலா போய்ட்டாள் எண்டா உலகத்து நெய்ச்சோறு முழுக்க நீ திண்டு முடிக்கணுமா? வெக்கமில்லையா உனக்கு?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. நஸ்ரி தலை குனியவில்லை. ஜன்னலுக்கு வெளியே, துறைமுகத்தில் சும்மா நின்ற கிரேனைக் கொஞ்சநேரம் பார்த்தான்.

கை கழுவுகிற பாத்திரமும் தண்ணீரும் வந்தன. லாபிர் கையை நீட்டினார். மணிக்கட்டு வரைக்கும் நெய் மினுங்கியது. தண்ணீர் ஊற்றியவர் அடுத்து நஸ்ரி பக்கம் திரும்ப, அவன் வேண்டாமென்று தலையசைத்தான்.

"கையைக் கழுவன்," என்று அதட்டினார் லாபிர்.

நஸ்ரி மற்றவர்களுக்குக் கேட்காதபடி அவர் காதோரம் சாய்ந்தான்.

"இண்டைக்குத் திங்கக்கிழமை. நான் நோம்பு, மச்சான்."