நடுப் படகு

திருகோணமலைக் கடலில் படகுகள் சொன்ன இடத்தில் நிற்பதில்லை. நங்கூரம் போட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தால், விழிக்கும்போது படகு வடக்கே புல்மோட்டைக்கு வழி விசாரித்துக்கொண்டு நிற்கும்.

படகுகளின் தொடர்பை ஒழுங்குபடுத்தும் பழைய அமைப்புக் கோப்புக்கு இது விளங்காது. எந்தப் படகின் வானொலிப் பேச்சுப்பெட்டி எந்தப் படகு வழியாகக் கரையோடு கதைக்க வேண்டும் என்று ஒருமுறை எழுதினால் எழுதியதுதான். அதனால்தான் கோப்பை வாசிக்கும் நிரலை அலுவலக நிரலாளன் சிந்துஜன் விரித்து எழுதியிருந்தான். இனி அந்த வரிகளுக்குப் பதிலாக ஒரு ஸ்கிரிப்டைக் கொடுக்கலாம். படகுகள் நகர நகர, கிட்ட நிற்பதைப் பார்த்து அதுவே தொடர்பு வலையைப் பின்னிக்கொள்ளும்.

ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில் மேலாளர் நிரோஜினி திரையைப் பார்த்தாள். நீலத்தில் வெள்ளிப் புள்ளிகளாகப் படகுகள் மிதந்தன. பார்க்கப் பார்க்க நித்திரை வரும்போல அழகு. ஆனால் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளிக்கு ஓடின. சல்லி ஊர்க் கதிரவேலின் கிழட்டுப் படகு.

"சிந்துஜன், கிட்ட கிண்ணியா ஸைனுலாப்தீன் காக்கான்ர படகு நிக்க, ஏன் எல்லாம் இவரிட்டைப் போகுது?"

"அப்பிடித்தான் எழுதினனான் அக்கா."

"நீரும் சல்லி, அவரும் சல்லி. கிண்ணியாப் படகு உம்மட கண்ணில படேல்லையோ?"

சிந்துஜன் கதிரையை அவள் பக்கம் திருப்பினான்.

"நாளைக்கு எல்லாப் படகுக்கும் இது போகவேணும். இப்பிடி ஊர் பாக்கிற ஆளை நான் வேலையில வைச்சிருக்க ஏலாது. அந்த வரியை அழிச்சுப் போடும்."

"ஏலாது அக்கா. போன மாசம் கதிரவேல் ஐயா நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு படகுக்குள்ள விழுந்து கிடந்தவர். பேச்சுப்பெட்டியை அணைச்சு வைச்சிருந்ததால ஒருதருக்கும் தெரியேல்லை."

"காவலுக்கு ஒரு ஆளை அனுப்பலாமே?"

"அவர் ரோசக்காரர். அனுப்பினால் ஆளையும் பெட்டியையும் சேர்த்துக் கடல்ல எறிவார். அதுதான், எல்லாற்ற கதையும் உங்கட படகாலதான் கரைக்குப் போகுது எண்டு சொல்லி வைச்சனான். இப்ப பெட்டியை அணைக்கிறதே இல்லை. அதில அவற்ற குரல் கேக்காமல் விட்டால் ஸ்கிரிப்ட் உடனே வேற படகுக்கு மாறி, ஐயாவைப் பாக்கச் சொல்லி எல்லாருக்கும் அறிவிக்கும்."

"இது ஆற்ற யோசனை?"

"ஸைனுலாப்தீன் காக்கான்ர. அண்டைக்கு ஐயாவைத் தூக்கிக் கரை சேர்த்ததும் அவர்தான்."

நிரோஜினியின் விரல் விசைப்பலகையிலிருந்து மெல்ல விலகியது.

மேசையிலிருந்த பேச்சுப்பெட்டி கரகரத்தது. அலைச் சத்தத்தோடு கதிரவேலின் குரல் வந்தது.

"பிள்ளையள், ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. கடல்ல நிக்கிற எல்லாரையும் நான்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."