எலிகளுக்காக ஒருவர்

"எலிக்கு வாய் இல்லீங்கறதுக்காக நாம என்ன வேணாலும் பண்ணிப்போடலாமுங்களா?"

வெள்ளியங்கிரி இப்படிக் கேட்டதும் ஆராய்ச்சி மாணவி ஹாரிகா தன் தாள்களை மறுபடி முதல் பக்கத்துக்குப் புரட்டினாள். இது மூன்றாவது முறை. முன்பு இரண்டு முறையும் இதே மனிதர்தான் அவளுடைய ஆய்வுத் திட்டத்தைத் திருப்பி அனுப்பினார்.

ஆராய்ச்சி நிலையத்தில் ஓர் எலியைத் தொடுவதென்றாலும் விலங்கு நெறிமுறைக் கமிட்டி சம்மதிக்க வேண்டும். அந்தக் கமிட்டியில் வெளியாள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. மேட்டுப்பாளையம் ரோட்டில் நீட் கோச்சிங்கோடு ஹாஸ்டல் பள்ளி நடத்தும் வெள்ளியங்கிரிதான் அந்த வெளியாள். மற்றவர்கள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இவர் மட்டும் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டு வருவார்.

"மறுபடி ஒருக்கா சொல்லுங்க அம்மணி. எதுக்கு இந்த எலிங்க?"

"தூக்கத்த வெரட்டற மருந்து ஒண்ணுங்க சார். உடம்புக்குள்ள போயி அது எந்தெந்தப் புரதத்தப் புடிச்சுக்குதுன்னு இன்னும் முழுசாத் தெரியாதுங்க. அந்த மருந்துல சின்னதா ஒரு கொக்கி மாதிரி சேர்த்து எலிக்கு ஊசி போடுவோம். அப்புறம் அந்தக் கொக்கியப் புடிச்சு இழுத்தா, ஒட்டிட்டு இருக்கற புரதமெல்லாம் கூடவே வந்துருமுங்க."

"அதுக்கு எலி உசிரோட இருக்கோணுமாக்கும்?"

"ஊசி போடறப்ப இருக்கோணுங்க. கண்ணாடித் தட்டுல செல்ல மட்டும் வெச்சுப் பாத்தா ஒரு மாதிரி காட்டுது, ஓடியாடற உடம்புல வேற மாதிரி நடந்துக்குது. மருந்து வேண்டாத புரதத்தையும் புடிச்சா நெஞ்சுக்கோ நரம்புக்கோ கெடுதலாகலாமுங்க. அதத்தான் கண்டுபுடிக்கோணும்."

"அதுக்கப்புறம் எலி?"

"வலி தெரியாமத்தானுங்க..." ஹாரிகா முடிக்கவில்லை.

"அதுவரைக்கும் எத்தன மணி நேரம் தூங்காம கெடக்கும்?"

"ஆறு மணி நேரமுங்க."

வெள்ளியங்கிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

"பாவமுங்க அம்மணி. சின்ன உசுரு."

கமிட்டித் தலைவர் பத்மாவதி கடிகாரத்தைப் பார்த்தார். ஹாரிகாவின் உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. இன்றைக்கும் இல்லை என்றால் நாலு வருஷ உழைப்பு அம்போ.

ஒரு மணி நேரம் பேரம் நடந்தது. நாற்பத்தெட்டு எலி இருபத்துநாலாகக் குறைந்தது. ஆறு மணி நேரம் இரண்டானது. எலி ஒடுங்கிப் படுக்கக் கூண்டில் காகிதத் துணுக்குப் போட வேண்டும், கொஞ்சம் தவித்தாலும் உடனே நிறுத்திவிட வேண்டும் என்றெல்லாம் எழுதி வாங்கினார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட யாரும் இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

கடைசியில் வெள்ளியங்கிரி கையெழுத்துப் போட்டார்.

ஹாரிகாவுக்குக் கோபமெல்லாம் போய் வெட்கமாகிவிட்டது. நாலு வருஷமாக எலியை வெறும் எண்ணிக்கையாகத்தானே பார்த்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். ஆய்வேட்டின் நன்றியுரையில் அப்பா அம்மாவுக்கு அடுத்து இவர் பெயர்தான் என்று அங்கேயே முடிவு செய்தாள்.

வராந்தாவில் ஓடிப்போய் அவரைப் பிடித்தாள்.

"ரொம்ப நன்றிங்க சார். நீங்க சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் உறைச்சுதுங்க."

"இருக்கட்டும் கண்ணு." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானே உங்களத் தனியாப் பாக்கோணும்னு இருந்தேன். இந்த மருந்து மாத்திரையாவும் வருதுங்கல்ல? நம்ம ஹாஸ்டல் பசங்களுக்குச் சாயங்காலப் பால்ல கலந்து குடுக்கறமுங்க. பரீட்சை முடியற வரைக்குந்தான். பத்துப் பதினஞ்சு பேரு நெஞ்சு படபடங்குதுன்னு சொல்றானுங்க. ஆளுக்கு எவ்வளவு போடலாம்னு கொஞ்சம் பாத்துச் சொல்லிப்போடுங்க."

ஹாரிகா அவர் வழியை மறித்து நின்றாள்.

"சார், எலிக்கே இன்னும் என்ன பண்ணும்னு தெரியலீங்க. பசங்களுக்குக் குடுக்க யாருங்க சம்மதிச்சாங்க?"

வெள்ளியங்கிரி பரிவோடு சிரித்தார்.

"பசங்களுக்கெல்லாம் ஏது கண்ணு கமிட்டி?"