அச்சு அசல்

ஆவடி முகாமின் துரை, சீமைக்கு எடுத்துப் போகத் தன் காரைப் போலவே ஒரு மரப்பொம்மை கேட்டிருந்தார். இரண்டும் ஒரே நிறமாக இல்லாவிட்டால் தச்சன் கோதண்டத்துக்கு வேலை போய்விடும். சாயங்கால ரயிலில் துரை வந்துவிடுவார்.

"மெலிசா இழு நைனா. மொதப் பூச்சு காயாம அடுத்தத அடிக்காதே," என்றான் டிரைவர் பாஸ்கல்.

"தெரியும் அண்ணாத்தே. நீ தூசி கெளப்பாம நில்லு," என்றான் கோதண்டம், தூரிகையை நனைத்தபடி.

சோறு கொண்டுவந்த அவன் மனைவி முத்தம்மாள் திகைத்து நின்றாள். மேசைமேல் பொம்மை பச்சை நிறத்தில் காய்ந்துகொண்டிருந்தது. இருவரும் துரையின் கறுப்புக் காருக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாய்யா இது? பொம்மைக்குத் தப்பா பச்சை அடிச்சிட்டா, அதும்மேலயே கறுப்பு அடிக்கிறதுதானே?"

"இன்னொரு பூச்சு தாங்காதுமே. நான் செதுக்குன கதவு இடுக்கெல்லாம் மூடிக்கினு பூடும்!"