மாமாவுக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை

“டெஸ்ட்டெல்லாம் வேணாம் டாக்டர்! எம் மகன் வாயில ஒருத்தரும் குச்சி விடக் கூடாது!”

அழகாயி போட்ட சத்தத்தில், வெளியே நம்பர் எடுத்துக் காத்திருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

டாக்டர் நுஸ்லாவின் கையில் பஞ்சு சுற்றிய குச்சி அப்படியே நின்றது. ஊசிகூட இல்லை. கன்னத்தின் உள்பக்கம் லேசாகத் தடவி எடுத்தால் வேலை முடிந்தது. இதற்குத்தான் இந்த ஆர்ப்பாட்டம்.

“விளங்காம பேசாதீங்க மாமி,” என்று மருமகள் சிவநந்தினி பல்லைக் கடித்தாள். “போன கிழமை என்ன நடந்திச்சு? தம்புள்ளைக்கு மரக்கறி ஏத்திட்டுப் போன மனுசன், நடுவழியில நாலந்தாவுல லொறியை நிப்பாட்டிட்டுக் குளத்துப் பக்கம் நடந்து போயிருக்காரு. பின்னால வந்த லொறிக்காரங்க கண்டதால தப்பிச்சாரு. இன்னொரு தடவை போனா யாரு காண்பாங்க?”

அழகாயி மகனின் வாய்க்குக் குறுக்கே கையை வைத்தாள்.

இருவருக்கும் நடுவில் திலீபன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். முழங்கால் மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கியதிலிருந்து இந்த ஆட்டம். உட்கார முடியாது, படுக்க முடியாது, தூக்கமும் கிடையாது.

“அம்மா, கோவப்படாம கேளுங்க,” என்றார் டாக்டர். “முதல் நாளே நீங்க சொன்னீங்க தானே? உங்க தம்பிக்கும் இதே வருத்தம், இந்த மாத்திரையிலதான் சுகமானாருன்னு. சொந்த மாமாவுக்கு ஒத்துக்கிட்டது இவருக்கும் ஒத்துக்கும்னு நம்பித்தான் எழுதினேன். எதிர்மாறா வேலை செய்யுது. ஏன்னு எனக்கு விளங்கல. இதை இன்னையோட நிப்பாட்டுறேன். ஆனா அடுத்ததைக் கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்க எனக்குப் பயமா இருக்கு.”

“அதுக்கு இந்தக் குச்சி என்னத்தைச் சொல்லும்?”

“டி.என்.ஏ.யைப் பார்த்தா, எந்த மருந்தை இவர் உடம்பு எப்படி எடுத்துக்கும்னு ஓரளவு தெரியும். எல்லாத்துக்கும் பதில் வராது. எதைத் தொடக் கூடாதுன்னாவது வரும்.”

அந்த டி.என்.ஏ.தான் அழகாயியைப் பயமுறுத்தியது. சாயந்தரம் ஆனால் டீவி சீரியலுக்கு முன்னால் உட்கார்பவள் அவள். அதில் டாக்டர் டி.என்.ஏ. என்று சொன்னால், அடுத்த நாளே யார் பிள்ளை யாருடையது என்று ஊரே கூடி நிற்கும்.

திலீபன் அவள் பெற்ற பிள்ளை இல்லை.

தொப்புள்கொடி காயாத பச்சைக் குழந்தையை வாங்கிக்கொண்டு, இருந்த ஊரையே விட்டுவிட்டு மாத்தளைக்குக் குடிவந்தார்கள் அவளும் புருஷன் ராசையாவும். ராசையா போய்ச் சேர்ந்துவிட்டார். விஷயம் தெரிந்த தம்பி மூச்சுவிட மாட்டான். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை இந்தப் பாழாய்ப்போன குச்சி ஒரு நொடியில் திறந்து காட்டிவிடும். அதற்குப் பிறகு அவன் “அம்மா” என்று கூப்பிடுவானா?

அன்றைக்கு, “சொந்தத்தில் யாருக்காவது இந்த வருத்தம் இருந்ததா?” என்று டாக்டர் கேட்டபோது முந்திக்கொண்டு வாயைக் கொடுத்ததும் அவள்தான். “எங்க ரத்தத்துலயே இருக்கு டாக்டர்.” சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. நோயிலாவது மகனுக்கும் தனக்கும் ஓர் ஒட்டு கிடைத்ததே என்ற பெருமை. அந்தப் பெருமைதான் இப்போது மாத்திரையாகி அவனை ஆட்டிக்கொண்டிருக்கிறது.

“வாயைத் திறங்க மாமி!” சிவநந்தினிக்கு அழுகை முட்டியது. “மகன் உசிரைவிட உங்க வீம்பு பெருசா? நீங்க எல்லாம் பெத்த தாயா?”

அழகாயி நிமிர்ந்தாள்.

“இல்ல.”

“என்ன இல்ல?”

“நான் பெக்கல.”

சிவநந்தினி அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எம் தம்பிக்கும் இவனுக்கும் ரத்த சம்பந்தமே கெடையாது டாக்டர். எம் பேச்சை நம்பி எழுதிட்டீங்க. என்னாலதான் எம் புள்ள குளம் வரைக்கும் போயிருக்கான். குச்சியை விடுங்க. என்ன வேணும்னாலும் பாருங்க. எனக்கு அவன் உசிரோட இருந்தாப் போதும்.”

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மகனை ஏறிட்டுப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

யாரோ அவள் கையைப் பிடித்து முந்தானையை விலக்கினார்கள். திலீபன்தான். அவள் காலடியில் வந்து உட்கார்ந்திருந்தான்.

“எனக்குத் தெரியும்மா.”

“என்னய்யா சொல்ற?”

“சாகுறதுக்கு முந்தி அப்பா சொல்லிட்டாரு. உங்களுக்குக் காட்டிக்கக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டாரு.”

டாக்டருக்கே குரல் உயர்ந்துவிட்டது. “தெரிஞ்சிருந்தும் அன்னைக்கே ஏன் சொல்லல திலீபன்? உங்க மாமாவை வச்சுத்தானே நான் அந்த மாத்திரையை எழுதினேன்? அதை எப்படி நீங்க பேசாம முழுங்கினீங்க?”

திலீபன் அம்மாவின் கையை விடவில்லை.

“‘எங்க ரத்தம்’னு சொன்னப்ப அம்மா மொகத்துல ஒரு சந்தோஷம் வந்திச்சு டாக்டர். அதைப் பொய்யாக்க எனக்கு மனசு வரல. மாத்திரையை முழுங்குறதுதான் லேசா இருந்திச்சு.”