ஏழாம் கட்டில் அங்கம்மா

“அங்கம்மாவான்னு கேட்டேன், ஆமான்னுச்சு. ஊசியக் கையில எடுத்துட்டேன்டி. பார்த்தா அது வேற அங்கம்மா.”

“ஐயோ, அப்புறம்?”

“நானே போய்ப் பெரிய சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். இனிமே நாம பேரச் சொல்லிக் கேக்கவே கூடாது. அவங்க வாயால வரணும்.”

காலையில் டூட்டி மாறும்போது நர்ஸ் சினேகா சொன்னது, மதியம் இன்சுலின் ஊசியோடு ஏழாம் கட்டிலருகே நின்ற கார்குழலிக்கு நினைவு வந்தது.

மூன்று நாள் லீவு முடிந்து வந்தவளுக்கு வார்டில் எல்லா முகமும் புதிது.

கேஸ் ஷீட்டில் இரண்டு அங்கம்மாக்கள். ஒருத்தி சுப்புராயன் மனைவி, இன்னொருத்தி திருமுருகன் மனைவி. சர்க்கரை முதலாமவளுக்கு மட்டும்தான். ஆள் மாறினால் உயிருக்கே ஆபத்து.

கடல்காற்றுக்காக இருவரும் கட்டிலை மாற்றி மாற்றிப் படுப்பார்கள். இப்போது ஒருத்தி ஸ்கேனுக்குப் போயிருந்தாள். இங்கே இருந்தவளோ கசகசக்கிறது என்று கைப்பட்டையைக் கழற்றி எறிந்திருந்தாள்.

“உங்க பேரும் வூட்டுக்காரர் பேரும் சொல்லும்மா.”

“அங்கம்மா.” அதோடு வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். “அவரு பேர நான் எப்டிம்மா சொல்றது?”

ஸ்டூலில் சாப்பாட்டுக் கேரியரோடு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் திரும்பினாள் கார்குழலி. “நீங்க சொல்லுங்க நைனா.”

“நான் சும்மா சோறு எடுத்தாந்தவன்மா.” அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

அங்கம்மா அவரை முறைத்தாள். “மயிலு மேல ஏறிகினு வருவாரே, அந்தச் சாமி பேருதான்.”

கார்குழலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுப்புராயன், திருமுருகன் இரண்டுமே அந்தச் சாமியின் பேர்தான்.

ட்ரேயைக் கீழே வைத்தாள். “பேரு வராம ஊசி இல்ல. ஊசி போடாம சோறு இல்ல.”

கேரியரிலிருந்து சங்கரா மீன் குழம்பின் வாசனை வந்தது.

அங்கம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒரே மூச்சில் சொன்னாள்.

“சுப்புராயன்.”

ஷீட்டைச் சரிபார்த்து ஊசி போட்டாள் கார்குழலி. அங்கம்மாவின் முகம் புதுப்பெண்ணுடையதைப் போலச் சிவந்திருந்தது.

கேரியரைத் திறக்கப்போன பெரியவரின் கை பாதியில் நின்றது.

“முப்பத்தாறு வருசமாக் கேக்கணும்னு நெனச்சுகினே கீறேன். கூச்சமா இருந்திச்சு.” அவர் ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்தார்.

“இன்னொரு தபா சொல்லு, அங்கா.”