என்ஜின் நின்றால் அரிசி

நெரவியை ஒட்டிய நூற்பாலையில் தீயணைப்புப் பம்புக்கென்று ஒரு டீசல் என்ஜின் இருந்தது. கரண்ட் போனாலும் அது ஓடியாக வேண்டும். அதனால் சனிக்கிழமை மத்தியானம்தோறும் சந்தனசாமி அதைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்ப்பார். நிறுத்தியதும் வீட்டுக்குச் சாப்பிடப் போவார்.

சத்தம் வீடுவரை கேட்கும். என்ஜின் கிளம்பியதும் அவர் மனைவி சலோமி உலை வைப்பாள். "நின்னாத்தான் அரிசியப் போடுவேன். நீங்க வந்து சேரவும் நான் வடிக்கவும் சரியா இருக்கும்" என்பாள்.

அவளை அடக்கம் செய்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை, அவர் பூட்டைத் திறந்தபோது அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. அவரே வடித்துச் சாப்பிட்டார். அதன் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாமியாரைக் கூட்டிவந்து வீட்டை மந்திரித்துவிடுவார்கள்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஆலைக்குப் பெரிய ஜெனரேட்டர் வந்தது.

"இனிமே கரண்ட் போனா பம்பு இதுலயே ஓடிடும். திங்கக்கிழமை பழசக் கழட்டிடுவோம்" என்றார் மேனேஜர்.

"இன்னிக்கு மட்டும் ஓட்டிக்கிறேங்க."

ஓட்டினார். வெகுநேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நிறுத்த மனம் வரவில்லை. ஓடவிட்டே வீட்டுக்கு நடந்தார்.

அடுப்பில் உலை விளிம்புவரை கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் களைந்த அரிசி காத்திருந்தது. கை கழுவக் கொல்லைக்குப் போனார். காலையில் நிரப்பிவைத்த குடங்கள் எல்லாம் காலி. உலை வற்ற வற்ற ஊற்றியிருக்கிறாள்.

ஆலைப் பக்கம், டீசல் தீர்ந்து என்ஜின் நின்றது.

உள்ளே, உலையில் அரிசி விழும் சத்தம் கேட்டது.