வால் நம்பர்

மாடல் போர்விமானத்தின் வாலில் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டி, மேலே அதைப் படியவைக்கும் செட்டிங் சொல்யூஷனைத் தடவினான் ரோஹித். ஸ்டிக்கர் சுருங்கியது.

"வீணாப் போச்சா?" என்றாள் அவன் மனைவி நந்திதா.

"தொடாதே. காய்ஞ்சா பெயின்ட் மாதிரி படிஞ்சிடும். அப்புறம் உரிக்கவே முடியாது."

அது நந்திதாவின் அப்பா சுந்தரராஜன் விமானப்படையில் ஓட்டிய விமானத்தின் மாடல். கல்யாணமானதிலிருந்து அவர் மருமகனிடம் பேசியதில்லை.

டாலிகஞ்சில் இருந்த அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நம்பர் தப்பு," என்றார் ரோஹித்திடம்.

"இனிமே உரிக்க வராது மாமா. வேற ஒண்ணுதான் செய்யணும்."

"ஞாயித்துக்கிழமை இங்கேயே கொண்டுவந்து செய். நான் பக்கத்துல இருக்கேன்."

படியிறங்கும்போது நந்திதா முறைத்தாள். "சரியான நம்பரைத்தானே சொன்னேன்?"

"சரியா ஒட்டியிருந்தா, வாங்கி வெச்சுட்டுப் பேசாம உள்ளே போயிருப்பார்."